கல்யாணப் பத்திரிகையில் ஒரு பேக்கிங்

எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகையை யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் அம்மா எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பார். மளிகைச் சீட்டு எழுத ஒன்று, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் மடித்து வைக்க ஒன்று என்று அது மெல்ல மெல்லக் கரையும். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பையிலிருந்து கெட்டியான ஒன்றை உருவினேன். பிள்ளையார் படத்தை மட்டும் கத்தரித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு (இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு கிடைக்காது) மீதியை என் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கவருக்குப் (என்ஜினின் பக்கவாட்டு மூடி) பேக்கிங்காக வெட்டினேன்.

மெக்கானிக் பாஷையில் பேக்கிங் என்றால் கேஸ்கெட். இரண்டு உலோக முகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து எண்ணெயை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் தாள். கவரைத் திறந்தபோது பழையது பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது. கடையில் கேட்டால் முழு செட்டாகத்தான் வரும் என்றார்கள், அதுவும் பத்து நாள் ஆகும். வண்டியைத் திறந்து போட்டுவிட்டுப் பத்து நாள் காத்திருக்கிற பொறுமை எனக்கு இல்லை.

வெட்டுவது சுலபம், கத்தரிக்கோல்கூடக் கடைசியில்தான் வேண்டும். கவரை மல்லாக்க வைத்து, அதன் மேல் அட்டையைப் பரப்ப வேண்டும். முதலில் திருகு ஓட்டைகள். சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ஸ் உருண்டையை ஓட்டைக்கு நேராக அட்டையின் மேல் வைத்து ஒரு தட்டு தட்டினால், பொட்டு மாதிரி ஒரு வட்டம் சுத்தமாக வெட்டுப்பட்டு உள்ளே விழும். எதிரெதிராக இரண்டு ஓட்டை போட்டதும் அவற்றில் திருகை நுழைத்துவிட்டால் அட்டை நகராது. அப்புறம் சுத்தியலின் உருண்டை முகத்தால் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னத் தட்டு. கவரின் ஓரமே கத்தியாகி அட்டையை வெட்டிக் கொடுக்கும். ஓங்கி அடிக்கக் கூடாது. அலுமினியம், விளிம்பு மழுங்கிவிட்டால் அதன்பின் என்ன பேக்கிங் போட்டாலும் கசியும். அப்பளத்தை நொறுக்குகிற அளவு தட்டு போதும்.

அரை மணி நேர வேலை. ஒரு பக்கம் மட்டும் லேசாக கிரீஸ் தடவி மூடினேன், அடுத்த முறை கிழியாமல் வரட்டும் என்று. பத்து மாதமாகிறது, இன்றுவரை ஒரு சொட்டு இல்லை. மணமகன் வீட்டார் விவரம் கிளட்ச் பக்கம் பார்த்தபடி உள்ளே இருக்கிறது.

அந்த அட்டை ஏன் தாங்கியது என்று அன்றைக்கே யோசித்திருந்தால் கார்த்திகையில் வந்த செலவு வந்திருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வண்டி 1984 மாடல் யெஸ்டி 250. 2019-ல், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் வாங்கினேன். யெஸ்டியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டிகளை மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961-லிருந்து தயாரித்தது. 1973-ல் யெஸ்டி என்று பெயர் மாறியது. 1996-ல் ஆலையை மூடிவிட்டார்கள். 2022-ல் யெஸ்டி என்ற பெயரில் மறுபடி வண்டி வந்தது. அது நான்கு ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் என்ஜின். பெயரைத் தவிர எனக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆக, பழைய வண்டிக்குச் சாமான் வேண்டுமென்றால் வழி மூன்று. யாரோ ஒரு பழைய ஸ்பேர்ஸ் கடைக்காரர் அலமாரியின் மேல் தட்டில் எண்ணெய்த்தாளில் சுற்றி வைத்திருக்கிற கம்பெனிச் சரக்கு. விலை கேட்டால் மயக்கம் வரும். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பிரித்துப் போட்ட வண்டிகளின் சாமான். அதுவும் தேய்ந்ததுதான், நம்முடையதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தேய்ந்தது என்று நம்ப வேண்டும். மூன்றாவது, இப்போது புதிதாகச் செய்து விற்கும் டூப்ளிகேட். பளபளவென்று இருக்கும், அளவுதான் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நான் வாங்கிய ஒரு பிரேக் பெடல் பின், ஓட்டைக்குள் போகவே இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கப் போன பெட்ரோல் செலவில் லேத்தில் இரண்டு கடைந்திருக்கலாம்.

செய்து பார்ப்போமே என்று தோன்றியது அப்போதுதான். ஆனால் நான் முதல் ஆள் இல்லை. வண்டியைத் திறக்கத் திறக்க எனக்கு முன்னால் கைவைத்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஸ்பீடோமீட்டரைச் சுற்றி சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம். பிளக்கில் பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் ஏதோ ஒரு டப்பாவின் தகரம், அதில் பாதிப் பூவின் படம்கூட அழியாமல் இருந்தது. ஹேண்டில்பார் கிளாம்பில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் நாலாக மடித்து. சிலது பார்த்துச் சிரித்தேன், சிலதை அப்படியே விட்டுவிட்டேன். அந்தத் தகரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் பாயிண்ட் கேமோடு சரியாகச் சேரவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

உருப்படியாக நான் எதையாவது கற்றுக்கொண்டேன் என்றால் அது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷில்தான். வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் திரும்பி ஒரு கணம் கழித்துத்தான் பின்பக்கம் கூட வந்தது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் கடகடவென்று ஆட்டம். கழற்றினேன். உள்ளே குழல் மாதிரி இரண்டு வெண்கல புஷ், அவற்றின் ஊடாகப் போகும் இரும்புப் பின். வெர்னியரை வைத்து எல்லாவற்றையும் அளந்து, ஒரு தாளில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு எண்களை எழுதி, கோவை கணபதியில் இருக்கும் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஒற்றை ஆள் பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மூலையில் ஒரு சாமி படம். அறுபதை ஒட்டிய டர்னர்.

தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது யாரோட அளவுங்க தம்பி?"

"புரியலைங்ணா."

"வண்டியோட அளவுங்களா, தேஞ்சதோட அளவுங்களா?"

நான் முழித்தேன். புஷ்ஷை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ஓட்டை வட்டமாகவே இல்லை. கோழிமுட்டையாக ஒரு பக்கம் இழுத்திருந்தது. நான் அளந்த 16.6 மில்லிமீட்டர், நாற்பது வருஷம் தேய்ந்த பிறகு வந்த அளவு. அதையே பார்த்துப் புதிது செய்தால் தேய்மானத்தையும் சேர்த்துப் புதிதாகச் செய்ததாக ஆகும். கேட்டபின் சின்னக் குழந்தைக்கும் தெரிகிற விஷயம். கேட்பதற்கு முன்னால் எனக்குத் தெரியவில்லை.

பின்னைக் கையில் எடுத்து நடுப்பகுதியைக் கட்டைவிரலால் தேய்த்தார். இரண்டு புஷ்களுக்கும் இடையில் இருக்கிற அந்தப் பகுதியை எதுவுமே தொட்டதில்லை. மேலாக லேசான துரு, அவ்வளவுதான். உப்புத்தாளால் துருவை எடுத்துவிட்டு மைக்ரோமீட்டரை வைத்தார்: 16.00. புஷ் ஓடிய இடத்தில் 15.96. "பின்னு நல்லாத்தானுங்க இருக்குது. வெண்கலந்தான் தேஞ்சிருக்கு. தேயறதுக்குத்தான் அதைப் போட்டதே."

வெளி அளவுக்கு அவர் என் புஷ்ஷைப் பார்க்கவே இல்லை. ஸ்விங் ஆர்மையே கொண்டுவரச் சொன்னார். மறுநாள் ஸ்கூட்டரில் குறுக்காக வைத்துக் கட்டிக்கொண்டு போனேன், வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி அது என்னவென்று கேட்டார். புஷ் உட்காரும் குழிக்குள் அளந்தால் 22.10. முன்னால் யாரோ ஒருத்தர் குழியைக் கடைந்து பெரிதாக்கிவிட்டு, புஷ் லூசாக இருந்ததால் சுற்றித் தகரம் வைத்து அடித்திருக்கிறார். ஆகவே புதுப் புஷ்ஷின் வெளி அளவு 22.14 என்று வைத்தார். குழியைவிட அரை முடி அளவு பெரிதாக இருந்தால்தான் இறுகி நிற்கும். உங்கள் வண்டியில் இந்த எண்கள் வேறாகத்தான் இருக்கும், இதைப் பார்த்து யாரும் கடையக் கொடுத்துவிடாதீர்கள்.

கன்மெட்டல் ராடு ஒன்றை எடுத்துப் பிடித்தார். செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்ற கணக்கில் கலந்த உலோகம். பித்தளையில் செய்தால் விலை குறையும், சீக்கிரம் தேயும். உள்ளே எண்ணெய் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டினார். உள் ஓட்டையை மட்டும் 16-க்குச் சற்றுக் குறைவாகவே விட்டுவிட்டு, "ஏத்திட்டு எடுத்துட்டு வாங்க, அப்புறமா ரீமர் போட்டுக்கலாம்" என்றார். ரீமர் என்றால் ஓட்டையை நுணுக்கமாகச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் கருவி. பெரிதாக இருக்கும் புஷ்ஷைச் சின்னக் குழிக்குள் அழுத்தும்போது அது உள்பக்கமாகச் சுருங்கும். முன்கூட்டியே சரியான அளவுக்குக் கடைந்துவிட்டால் ஏற்றிய பிறகு பின் நுழையாது.

ஏற்றுவதற்கு அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நீளமான ஒரு போல்ட், இரண்டு தடிமனான வாஷர், ஒரு நட்டு. வாஷர்களுக்கு நடுவில் புஷ்ஷையும் ஆர்மையும் வைத்து நட்டை முறுக்கினால் புஷ் ஒரு நூல்கூடச் சாயாமல் உள்ளே நடந்துபோகிறது. மறுபடி ஸ்கூட்டர், மறுபடி கணபதி. ரீமர் போட்டு வந்த ஓட்டையில் பின்னை விட்டால், விரலை எடுத்ததும் தன் கனத்திலேயே மெதுவாக இறங்கியது. அதைப் பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பேன். இரண்டு புஷ்ஷுக்கும் சேர்த்து 520 ரூபாய்.

அதற்கப்புறம் எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும், இதில் தேயாத இடம் எது என்று தேடுகிற பழக்கம் வந்துவிட்டது. பின் ஹப்பில் இருக்கும் கப்ளிங் ரப்பரையும் அப்படித்தான் செய்தேன். செயின் சட்டென்று இழுக்கும் உதையை வாங்கிக்கொள்வதற்காக உள்ளே வைத்திருக்கும் ரப்பர்க் கட்டைகள் அவை. என்னுடையவை கடித்துத் துப்பிய கரும்புச் சக்கை மாதிரி ஆகியிருந்தன. அவற்றைப் பார்த்து அச்சு எடுக்க முடியாது. அவை உட்காரும் அறைக்குள் கோதுமை மாவை அழுத்திப் பிசைந்து எடுத்தால் அளவு அப்படியே கிடைத்துவிடுகிறது. (மாவு விஷயம் வீட்டில் தெரியாது.)

எதில் வெட்டுவது என்பதில்தான் தடுமாறினேன். முதலில் பழைய ஹவாய் செருப்பு. வெட்ட வெண்ணெய் மாதிரி இருந்தது. இரண்டே வாரத்தில் அப்பளமாகத் தட்டையாகிவிட்டது. அது காற்றுக்குமிழி நிறைந்த சமாச்சாரம், மனிதன் எடையைத் தாங்கும், செயின் இழுப்பைத் தாங்காது. அப்புறம் லாரி டயர் வாங்கி வந்தேன், வீட்டுக் கத்தி அதில் உள்ளேயே போகவில்லை. கடைசியில் பேருந்து நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன். டயர் செருப்பு வெட்டிப் பழகிய கை. உளியைப் போன்ற அந்தக் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினார். அப்படி நனைத்தால் ரப்பர் கத்தியைப் பிடிக்காது. மாவு அச்சைப் பார்த்துவிட்டு, "இது என்ன சாமி, கொழுக்கட்டையா?" என்று கேட்டார். ஒவ்வொன்றையும் அச்சோடு வைத்துப் பார்த்து, ஒரு மயிரிழை பெரிதாகவே வெட்டிக் கொடுத்தார். நான் சொல்லாமலே. செருப்பு அடியும் அப்படித்தான் வெட்டணுமாம், போடப் போட அமுங்குமாம். மூன்று வருஷமாக ஓடுகிறது.

டயர் ரப்பரைக் கொண்டுபோய் என்ஜின் பக்கம் எங்கேயும் வைத்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி ராத்திரி முழுக்க பெட்ரோலில் போட்டுப் பாருங்கள். காலையில் ஊறவைத்த அவல் மாதிரி உப்பி, நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வரும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு கலக்கிறார்கள், பழைய வண்டிகளின் ரப்பர் பைப், பெட்ரோல் டேப்பின் வாஷர் எல்லாவற்றுக்கும் அது இன்னும் கெடுதல். டேப் வாஷரைப் பாட்டில் கார்க்கில் சீவிப் போட்டு இரண்டு முறை தோற்றபின், ஓரிங் விற்கும் கடையில் போய் பெட்ரோலைத் தாங்கும் 'விட்டான்' (Viton) ரப்பர் என்று கேட்டு வாங்கிப் போட்டேன். சில ரூபாய்தான். எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பது ஒரு வியாதி, எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது.

சின்ன வேலைகள் பல உண்டு, ஒவ்வொன்றையும் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. செம்பு வாஷர் நசுங்கிக் கெட்டியாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்து மங்கலான சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். எஃகை அப்படிச் செய்தால் முறுகும், செம்பு இளகும். சைலன்சர் காலர் நட்டைத் திருக வளைந்த ஸ்பேனர் வேண்டும். பட்டை இரும்பை வளைத்து முனையில் ஒரு பல் வைத்து வெல்டிங் செய்துகொண்டேன். கிளட்ச் நட்டைக் கழற்றும்போது டிரம் சுற்றாமல் பிடிக்க, தேய்ந்துபோன இரண்டு கிளட்ச் பிளேட்டை ஒரு கைப்பிடியோடு சேர்த்து வெல்டிங் செய்தால் போதும். காசு கொடுத்து வாங்கும் கருவியும் ஏறக்குறைய அதேதான்.

கிளட்ச் கேபிள் மட்டும் கொஞ்சம் ரசனையான வேலை. கடைக் கேபிளில் நீளம் பொருந்தவில்லை. ஒயரும் அவுட்டரும் தனித்தனியே வாங்கி, முனையில் நிப்பிளை நாமே பற்றவைத்துக்கொள்ளலாம். பித்தளை ராடில் கடைந்த நிப்பிளுக்குள் ஒயரை விட்டு, வெளியே வந்த நுனியின் இழைகளைப் பூ விரிவதுபோல் விரித்துவிட வேண்டும். இதுதான் முக்கியம்; ஈயம் அந்த விரிந்த பூவைச் சுற்றி உறைந்துவிட்டால் ஒயர் எப்படி இழுத்தாலும் உருவிக்கொண்டு வராது. விரிக்காமல் வெறுமனே ஒட்டினால் நாலாவது சிக்னலில் கையோடு வந்துவிடும்.

ஈயம் பிடிப்பதற்கு என்ன போடுவது என்று யோசித்தபோது, சின்ன வயதில் தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் ஞாபகம் வந்தார். சூடான பாத்திரத்தில் அவர் வெள்ளைப் பொடி ஒன்றைத் தூவுவார், குப்பென்று புகை வரும், மூக்கு எரியும், அப்புறம் துணியால் ஒரு சுற்று சுற்றினால் வெள்ளி மாதிரி ஆகிவிடும். நவச்சாரம். நாட்டுமருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது. வாங்கி வந்து தண்ணீரில் கரைத்து ஒயர் நுனியில் தடவினேன். பழைய இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி, நிப்பிளோடு முனையை முக்கி எடுத்தேன். ஈயம் ஓடிப்போய் இழைகளுக்குள் புகுந்துகொண்டது. வெள்ளீயமும் காரீயமும் அறுபதுக்கு நாற்பதாகக் கலந்த ஈயம் சுமார் 190 டிகிரியில் உருகிவிடும், அதற்கு மேல் ரொம்பச் சூடாக்கினால் ஒயரின் வலு போய்விடும். நவச்சாரத்தை அப்படியே விட்டாலும் உள்ளிருந்து துரு ஏறும். சமையல் சோடாக் கரைசலில் அலசி எண்ணெய் விட்டேன். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தக் கேபிளில் 20 கிலோ சிமெண்ட் கல்லைத் தொங்கவிட்டு ஒரு ராத்திரி வைத்திருந்தேன். கீழே யாரும் போகாமல் பார்த்துக்கொண்டது அம்மா.

முன் பிரேக் கேபிளையும் அதேபோல் செய்யலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். செய்ய மாட்டேன். கிளட்ச் கேபிள் அறுந்தால் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். பிரேக் கேபிள் அறுந்தால் வேறு யாராவதுதான் என்னை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிரேக் ஷூ, சக்கர ஆக்சில், ஹேண்டில் சம்பந்தப்பட்ட எதுவும், ஸ்போக், கிராங்க் ஆயில் சீல் இவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். ஆயில் சீல் உயிரை எடுக்காது, என்ஜினை எடுக்கும். புஷ் மாதிரி சாமான்கள் கெட்டுப்போவதற்கு முன்னால் மாதக்கணக்கில் கடகட என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் போகிறவை பக்கம் நான் போவதில்லை.

இவ்வளவு விவரம் பேசுகிறவன் கார்த்திகையில் என்ன செய்தேன் என்று இப்போது சொல்லியாக வேண்டும்.

கிளட்ச் கவரில் கல்யாணப் பத்திரிகை ஜெயித்த தெம்பில், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வரும் பேக்கிங்கையும் இன்னொரு பத்திரிகையில் வெட்டிப் போட்டேன். இது இன்னும் உயர்ந்த ரகம். பளபள பூச்சு, தங்க எழுத்து, இரண்டு அட்டைகளை ஒட்டிய கனம். பழைய பேக்கிங்கை அளந்தேனா என்றால் இல்லை, குப்பையோடு போய்விட்டது.

மூன்று நாள் வண்டி அருமையாக ஓடியது. ஐட்லிங் (சும்மா நிற்கும்போது என்ஜின் சுற்றும் வேகம்) தானாகவே கொஞ்சம் ஏறியிருந்தது. ஆக்சிலரேட்டரை விட்டாலும் சுற்று இறங்கத் தயங்கியது. பாருங்கள், ஸ்லோ செட் பண்ணாமலே எப்படி நிற்கிறது என்று சந்தோஷப்பட்டேன். விஷயம் தெரிந்த ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லியிருப்பார். சூட்டிலும் பெட்ரோலிலும் அந்தப் பூச்சு இளகி, இரண்டு அட்டையும் பிரிந்து, நடுவில் காற்று புகுந்துகொண்டிருந்தது. காற்று கூடினால் கலவையில் பெட்ரோல் குறையும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் என்ஜினுக்கு எண்ணெயும் பெட்ரோலோடுதான் போகிறது. நான் லிட்டருக்கு 40 மில்லி கலக்கிறேன். ஆக, பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும், எண்ணெயும் குறையும். இரண்டும் ஒரே நேரத்தில்.

சூலூர் தாண்டிப் பல்லடம் சாலையில் எழுபதில் போய்க்கொண்டிருந்தேன். என்ஜின் சத்தம் திடீரென்று மெலிந்து, கீச்சென்று ஆனது. அந்தச் சத்தத்தை விவரிக்க எனக்கு வார்த்தை இல்லை, ஆனால் இனி எங்கே கேட்டாலும் தெரியும். அடுத்த நொடி பின்சக்கரம் இறுகி வண்டி வழுக்கியது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பின்னால் வந்த டெம்போக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "எஸ்டிங்களா? எங்க மாமன்கூட வெச்சிருந்தாருங்க" என்று ஆரம்பித்து மாமன் கதையை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கழற்றிப் பார்த்தால் பிளக் சுண்ணாம்பு வெள்ளை. பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் நகத்தால் பிராண்டியதுபோல் நீளநீளமாகக் கோடுகள். சிலிண்டரைப் போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் வாங்கி எல்லாமாக 6,200 ரூபாய். நான் மிச்சம் பிடித்தது 40 ரூபாய்க்குக் கிடைக்கும் பேக்கிங் ஷீட்டை. அதில் நாலு பேக்கிங் வெட்டலாம்.

கிளட்ச் கவருக்கு உள்ளே எண்ணெய் சும்மா தெறித்துக்கொண்டிருக்கிறது. அழுத்தமும் கிடையாது, உறிஞ்சலும் கிடையாது. தாளுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. கார்புரேட்டர் முகத்தில் என்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உறிஞ்சுகிறது. வடிவம் சரியாக இருந்தது, அந்த இடத்துக்கு என்ன வேலை என்று நான் பார்க்கவில்லை. இப்போது பேக்கிங் போட்டபின் வண்டியை ஓடவிட்டு, அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளிக்கிறேன். எங்காவது காற்று புகுந்தால் சத்தம் சட்டென்று மாறும்.

சிலிண்டர் அடிப் பேக்கிங்கை இந்த முறை மரியாதையாக அளந்தேன். அதன் கனம் கூடினால் சிலிண்டரே மேலே ஏறிவிடும், கலவையும் புகையும் போய்வரும் போர்ட்டுகள் திறக்கிற நேரம் மாறும், கம்ப்ரஷன் குறையும். பழையது வருஷக்கணக்கில் நசுங்கிக் கிடந்தது. ஆனால் ஒரு மூலையில், சிலிண்டரின் விளிம்பைத் தாண்டி ஒரு காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை எதுவும் அமுக்கியதில்லை. வெர்னியரை அங்கே வைத்தேன்: அரை மில்லிமீட்டர்.

போன மாதம் கார்புரேட்டர் முகம் வளைந்திருக்கிறதா என்று காட்ட மறுபடி கணபதிக்குப் போனேன். டர்னர் அண்ணன் லேத்தை நிறுத்திப் பக்கவாட்டு மூடியைத் திறந்து, எண்ணெய்க் குப்பியோடு குனிந்திருந்தார். உள்ளே வரிசையாக இரும்புப் பல்சக்கரங்கள், நடுவில் ஒன்று மட்டும் காப்பிப்பொடி நிறத்தில்.

"இதென்னங்ணா, இது மட்டும் வேற கலர்ல?"

"அதுங்களா… பல்லு ஒடஞ்சு போச்சுங்க. ஒரிஜினல் வர்ற வரைக்கும் ஓடட்டும்னு ஹைலம் ஷீட்டுல வெட்டிப் போட்டேன்."

ஹைலம் என்றால் பிசின் ஊட்டி அழுத்திய கெட்டி அட்டை. "எப்பங்ணா?"

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "பெரிய பொண்ணு அப்ப எட்டாவது படிச்சிட்டிருந்தா."

அந்தப் பெண்ணுக்குத் தையில்தான் கல்யாணம் ஆனது. நானும் அம்மாவும் போயிருந்தோம். பத்திரிகை எங்கள் கட்டைப்பையில் இருக்கிறது, பூச்சு இல்லாத நல்ல கெட்டி அட்டை. இன்னும் வெட்டவில்லை.